அழகுக்கும் ஓர் உத்தியோகம் வேண்டும்

வெறுமையான ஜாம் போத்தலுக்கு வர்ணம் தீட்டி, சணற்கயிறு சுற்றி, விறாந்தைச் சுவரிலும் அலுமாரித் தட்டிலும் அலங்காரமாக வைக்கும் வழக்கம் யாழ்ப்பாணக் குடாநாட்டின் உடுவிற் பகுதி வீடுகளிலும் மெல்லப் பரவி வருகிறது. அதனை வீண் வேலையென்று பரிகசிப்போர் கட்சியில் நான் சேரமாட்டேன். ஆயினும், ஒரு காரியத்துக்கும் உதவாமல் தூசி படிந்து நிற்கும் போத்தல், எத்தனை வர்ணம் பூசினாலும், குப்பைக்குப் போகும் நாளைச் சற்றே ஒத்திவைத்துக்கொண்ட போத்தல்தான் என்பது என் அபிப்பிராயம்.

போத்தலுக்கு உத்தியோகம் கொடுக்கும் வித்தையை வலிகாமத்தாருக்கு எவரும் கற்பிக்கத் தேவையில்லை. 1990இல் யுத்தம் மீண்டும் மூண்டு, மின்சாரம் அற்றுப்போய், பொருளாதாரத் தடையினால் மண்ணெண்ணெய் கிடைத்தற்கரிய திரவியமாகிவிட்ட காலத்தில், ஜாம் போத்தலின் அடியில் சிறிது பஞ்சை இட்டு, அது நனையுமளவுக்கு மட்டும் எண்ணெய் வார்த்து, சைக்கிள் ரியூப்பின் வால்வுக் குழாயினூடாக நூல்திரியைச் செலுத்திக் கம்பியால் நிறுத்தி, போத்தலின் சுவரையே காற்றுத் தடுப்பாக்கிய சிக்கன விளக்கின் ஒளியிலேதான் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்தார்கள். அலங்காரமென்று அதில் ஒன்றுமில்லை. அநாவசியமான அங்கமும் ஒன்றுமில்லை. அதுவே அதன் சௌந்தரியம்.

தெற்கிலும் இதே பாடத்தைக் காணலாம். சரிந்து விழும் குப்பி விளக்குகளால் எரிகாயமுற்று வந்தோருக்குச் சிகிச்சை அளித்த சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, குட்டையும் கனமுமான மார்மைட் போத்தலை முன்மாதிரியாகக் கொண்டு, பக்கங்கள் தட்டையாகவும் மூடி திருகாகவும் அமைந்த ‘சுதீப’ விளக்கை ஆக்கி, 1998இல் ரோலெக்ஸ் விருது பெற்றார். எளிதில் விழாமலும், விழுந்தாலும் தீ விளைக்காமலும் இருக்க வேண்டுமென்ற ஒரே நோக்கம் அதற்கு உருவம் கொடுத்தது.

ஆகவே, வீட்டை அலங்கரிக்க விரும்புவோர் முதலில் போத்தலுக்கு ஒரு வேலையைத் தீர்மானிக்கட்டும். மாரிகாலத்து ஈரம் ஏறாதபடி ஒடியலையும் மிளகாய்த்தூளையும் காப்பதற்கு இறுகிய மூடியுள்ள போத்தலைவிட உகந்தது யாது? அதற்கு நம்மூர்ப் பனையோலைப் பின்னலால் ஓர் உறை இட்டால், வெயில் படாமலும், கைதவறினால் எளிதில் உடையாமலும் காக்கும் அவ்வுறையே, சணலும் வர்ணமும் தராத அழகையும் தந்துவிடும். அடுத்த போகத்துக்கென உலர்த்திய கத்தரி, வெண்டி விதைகளை வகைவகையாக இட்டு வரிசைப்படுத்தினால், அது கண்ணுக்கு விருந்து, தோட்டத்துக்கு முதல். நீரிற் கொடி வளர்ப்போர் மட்டும் கிழமைக்கொரு தடவையேனும் நீரை மாற்றிப் போத்தலின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுவது அவசியம். மழைக்காலந்தோறும் டெங்கு நடமாடும் இக்குடாநாட்டில், தேங்கிய தெளிநீர் நுளம்புக்குத் தொட்டிலாகிவிடும்.

பழைய போத்தலை உருக்கிப் புதிதாக்கலாமே எனில், கண்ணாடியை எத்தனை முறை உருக்கினாலும் தரம் குன்றாது என்பது மெய். ஆனால் உருக்குவதற்கு ஏறத்தாழ 1,500 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். போத்தலைப் போத்தலாகவே மீண்டும் உபயோகிக்க, கழுவும் கொதிநீர் போதும். வலிகாமம் தெற்குப் பிரதேச சபை உடையாத போத்தல்களைத் தனியே சேகரித்து, ஊறுகாயும் நெல்லிரசமும் செய்து விற்கும் குடிசைக் கைத்தொழிலாளருக்குக் கிடைக்கச் செய்தால், அவர்கள் கொதிநீரிற் சுத்திசெய்து புதுமூடி இட்டுக்கொள்ள, செலவும் குப்பையும் ஒருங்கே குறையும். பாடசாலைக் கண்காட்சிகளில் போத்தற் கைவினைக்குப் பரிசளிக்கும் நடுவர்களும், வர்ணத்தை மதிப்பிடுமுன், “இது வீட்டில் என்ன வேலை செய்யும்?” என்று பிள்ளைகளைக் கேட்டு, அந்த விடைக்கே பாதிப் புள்ளிகளை ஒதுக்குவார்களாக.