கடல்நீரேரியைக் கடந்து ஒரு கலியாணத்துக்கு

2025 ஆவணியில், நல்லூர்த் தேர் முடிந்த அடுத்த வாரம், சாவகச்சேரியில் என் தங்கையின் மகளுக்குக் கலியாணம் நடந்தது. கொழும்பிலிருந்து இரவில் புறப்பட்டு மன்னார் வழியாகப் பூநகரியை அடைந்தபோது விடிந்துவிட்டது. ஏ9 வீதியால் போயிருக்கலாம். சங்குப்பிட்டிப் பாலத்தைக் கடந்து ஊருக்குள் நுழைய வேண்டும் என்பது என் பிடிவாதம். வாகனத்தை ஓட்டிவந்த மருமகன் இளைஞன். கிழவரின் ஆசை என்று விட்டுவிட்டான்.

தமிழகத்து வாசகர்களுக்கு ஒரு விளக்கம். யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கும் வன்னிப் பெருநிலத்துக்கும் இடையே கிடக்கும் ஆழமற்ற உப்புநீர்ப் பரப்பைக் கடல்நீரேரி என்கிறோம். அதன் வடகரையை ஒட்டிய தென்மராட்சியின் தலைநகர் சாவகச்சேரி. பலாப்பழத்துக்குப் பெயர்பெற்ற சந்தை அங்கே இருக்கிறது. முன்பு சங்குப்பிட்டிக்கும் கேரதீவுக்கும் இடையே வாகனங்களை ஏற்றிச் செல்லும் மிதவை ஓடியது. அதற்கு எங்கள் ஊரில் பெயர் 'பாதை'. 2011 ஜனவரியில் அந்த இடத்தில் பாலம் திறக்கப்பட்டது. முந்நூறு மீற்றருக்கும் குறைவான பாலம். மருமகன் ஒரு நிமிடத்துக்குள் கடந்துவிட்டான். கைத்தொலைபேசியை எடுத்து ஒரு படம் பிடிப்பதற்குள் தனங்கிளப்பு வந்துவிட்டது.

இதே நீரை 1993 ஆவணியில் நான் ஓர் இரவு முழுவதும் செலவழித்துக் கடந்தேன். அதுவும் ஒரு கலியாணத்துக்காகத்தான். இந்த மணமகளின் தாய், என் தங்கை, அன்று மணமகள்.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் ஆனையிறவு வழி அடைபட்டது. யாழ்தேவி ரயில் நின்றது. 1991 இறுதியில் பூநகரியில் இராணுவம் தளம் அமைத்தபின் சங்குப்பிட்டி வழியும் போயிற்று. எஞ்சியது கிளாலி. வன்னிக் கரையிலிருந்து இரவில், விளக்கில்லாமல், ஓர் இயந்திரப் படகு பல படகுகளைத் தொடுத்துக் கட்டி இழுத்துச் செல்லும். நீரேரியைத் தடைசெய்யப்பட்ட வலயம் என்று அரசு அறிவித்திருந்தது. 1993 ஜனவரி 2ஆம் நாள் இரவு அங்கே பயணிகள் படகுகளைக் கடற்படை தாக்கியதில் பொதுமக்கள் பலர் இறந்தனர். அந்தச் செய்தியைக் கொழும்பில் மேசையில் இருந்து எழுதியவர்களில் நானும் ஒருவன். எட்டு மாதம் கழித்து அதே படகில் ஏறினேன். உள்ளே போவதற்கு இராணுவச் சாவடிகளைத் தாண்ட வேண்டும். வெளியே வருவதற்கு விடுதலைப் புலிகளின் அனுமதி வேண்டும். பாதி மாதச் சம்பளமும் பத்து நாள் விடுப்பும் அதில் போயின.

நான் கொண்டுபோனவை ஒரு பட்டு வேட்டி, நான்கு மின்கலங்கள், இரண்டு படச்சுருள்கள். மின்கலங்களை வழியில் ஒரு சாவடியில் எடுத்துக்கொண்டார்கள். அவை தடைப் பட்டியலில் இருந்தன. படச்சுருள்கள் வேட்டி மடிப்புக்குள் தப்பின. மின்னொளி இல்லாததால் எல்லாப் படங்களையும் முற்றத்து வெயிலில் எடுத்தேன். எழுபத்திரண்டில் நாற்பது தேறின. அதில் ஒன்றில் என் அம்மா, கன்னத்தில் அடுப்புக் கரியோடு, பயற்றம் பணியாரச் சுளகைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். பொன்னுருக்கலுக்கு மூன்று வீட்டார் வந்தார்கள். கலியாணத்துக்கு எழுபது பேர் இருக்கும். அவர்களில் ஆறு பேர் என்னைப்போல் நீரேரியைக் கடந்து வந்தவர்கள். மொய்ப்பணம் யாரும் கணக்குப் பார்க்கவில்லை. "வந்திட்டியோ!" என்று கட்டிப்பிடித்தார்கள், அவ்வளவுதான்.

அடுத்த மாத இறுதியில் இராணுவம் கிளாலியைக் குறிவைத்து ஒரு நடவடிக்கையைத் தொடங்கியது. அதற்கு வைத்த பெயர் 'யாழ்தேவி'. எங்களை ஊருக்குக் கொண்டுவந்த ரயிலின் பெயர். பத்திரிகையாளனாக எத்தனையோ பெயர்சூட்டல்களைப் பார்த்திருக்கிறேன். இதை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை.

இனி இந்த ஆண்டுக் கலியாணத்துக்கு வருவோம். மச்சான், அதாவது தங்கையின் கணவர், இதைத் தையில் வைக்கத்தான் விரும்பினார். வெளிநாட்டு உறவினர்களுக்காக ஆவணிக்குத் தள்ளினார். இந்தக் கணக்கு ஊரில் எல்லோருக்கும் தெரியும். கனடாவிலும் ஐரோப்பாவிலும் நீண்ட பள்ளி விடுமுறை கோடையில் வருகிறது. அதில் பாதியை ஆடி தின்றுவிடுகிறது. நத்தார் விடுமுறை முழுவதும் மார்கழி. இரண்டு மாதத்திலும் நாங்கள் தாலி கட்டுவதில்லை. மிஞ்சுவது ஆகஸ்ட் நடுப்பகுதிக்குப் பின் இரண்டு மூன்று வாரம். குடாநாட்டின் மண்டபங்கள், சமையற்காரர், நாதஸ்வரக்காரர், ஐயர்மார் எல்லோரையும் அந்த வாரங்களுக்குள் நெருக்கித் தள்ளுகிறோம். விலை ஏறுகிறது. ஊரில் இருப்பவனும் அந்த ஏறிய விலையில்தான் தன் பிள்ளைக்குக் கலியாணம் செய்ய வேண்டியிருக்கிறது.

அப்படித் தள்ளிவைத்தும் என்ன நடந்தது? வருவதாகச் சொன்ன பதினெட்டுப் பேரில் ஐந்து பேர் வந்தார்கள். என் தம்பி ரொறன்ரோவில் இருக்கிறான். கனேடியக் குடியுரிமை பெற்று இருபது ஆண்டுக்கு மேலாகிறது. அவன் வரவில்லை. பணம் அனுப்பினான், நேரலைக்கு ஏற்பாடு செய்யச் சொன்னான். முகூர்த்த வேளையில் ஓர் இளைஞன் பெரிய கைக்கணினியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மணவறைக்கு முன்னால் நின்றான். மண்டபத்தில் இருந்த முந்நூறு பேருக்கும் அவனுடைய முதுகு தெரிந்தது. தாலி கட்டியதை நான் பார்க்கவில்லை. கெட்டிமேளத்தைக் கேட்டு அறுகரிசியைக் குத்துமதிப்பாக வீசினேன்.

அம்மாவுக்கு எண்பத்தேழு வயது. சக்கர நாற்காலியில் முன்வரிசையில் இருந்தாள். சாப்பாட்டுக்கு முன் அந்தக் கணினியை அவள் முகத்துக்கு நேரே பிடித்து, "அப்பம்மா, சித்தப்பாவோடை கதையுங்கோ" என்றார்கள். திரையில் தம்பி சிரித்தான். அவனுக்கு அப்போது இரவு. பின்னால் குளிர்சாதனப் பெட்டி தெரிந்தது. அம்மா அவனைச் சற்றுநேரம் பார்த்தாள். கலியாணத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "எப்பயடா வெளிக்கிடுறாய்?" என்று மட்டும் கேட்டாள். வெளிக்கிடுதல் என்றால் எங்கள் ஊரில் புறப்படுதல். அவன் பதில் சொல்வதற்குள் படம் உறைந்துவிட்டது. இணைப்பின் கோளாறு என்றுதான் இன்னமும் நம்புகிறேன்.

இதை வாசிக்கும் உங்களில் பலர் கடல் கடந்து வாழ்பவர்கள். வர முடியாதவர்கள் யார் என்பது எனக்குத் தெரியும். அகதி வழக்கு முடியாதவர்கள், இலங்கைக்கு மட்டும் செல்லாத பயணப்பத்திரம் வைத்திருப்பவர்கள், வந்தால் பிடிப்பார்கள் என்ற நியாயமான அச்சம் உள்ளவர்கள், வேலை போய்விடும் நிலையில் இருப்பவர்கள். அவர்களை நோக்கி நான் ஒரு சொல்லும் எழுதவில்லை. கடவுச்சீட்டும் விடுமுறையும் இருந்தும், சென்ற ஆண்டு துபாய்க்கும் அதற்கு முந்திய ஆண்டு கன்கூனுக்கும் போய்விட்டு, தாய் இருக்கும் ஊருக்கு வராதவர்களைப் பற்றியே பேசுகிறேன். வழி அடைபட்டிருந்தபோது வந்தோம். இன்று பாலம் இருக்கிறது. 2014 ஒக்ரோபரில் ரயில் யாழ்ப்பாணம்வரை மீண்டும் வந்தது. 2019இல் பலாலியிலிருந்து சென்னைக்கு விமானம் பறந்தது. 2023இல் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே கப்பல் ஓடியது.

கலியாணம் முடிந்த வாரம் தம்பியுடன் தொலைபேசியில் சண்டைபோட்டேன். அவன் சொன்னதையும் எழுதாவிட்டால் நான் பத்திரிகையாளன் அல்லன். 2016இல் அவன் குடும்பத்தோடு வந்திருந்தான். நான்கு விமானச் சீட்டு மட்டும் செலவில்லை. ஒரு வீட்டில் கூரை, இன்னொரு வீட்டில் பல்கலைக்கழகக் கட்டணம், மூன்றாவது வீட்டில் கைத்தொலைபேசி, கோயில் திருப்பணி, பழைய மாணவர் சங்கம். திரும்பிப் போனபின் அந்தக் கடனை அடைக்க மூன்று ஆண்டு சென்றன. "அண்ணை, நான் வந்து இறங்கினால் ஒருத்தரும் என்னை எப்படி இருக்கிறாய் எண்டு கேக்கிறேல்லை. எவ்வளவு நாள் நிக்கிறாய், என்ன கொண்டந்தனி எண்டுதான் கேக்கினம்" என்றான். எனக்குப் பதில் இருக்கவில்லை. இந்தக் கலியாணத்திலும் மண்டபச் செலவில் பாதி அவனுடையது. வானில் பறந்து படமெடுக்கும் கருவிக்கும் அவன் பணம்தான். அந்தக் கருவியின் இரைச்சலில் நாதஸ்வரக்காரர் இரண்டு முறை வாசிப்பை நிறுத்தினார்.

ஆகவே, ஊரில் இருப்பவர்களுக்கும் நான் சொல்ல வேண்டியிருக்கிறது. வருகிறவனைப் பணப்பை ஆக்கியவர்கள் நாமே. முந்நூறு பேருக்கு மண்டபம் எடுத்து, அதற்கு ஒருவனிடம் காசு வாங்கி, பிறகு அவன் வரவில்லையே என்று குறைப்பட என்ன உரிமை இருக்கிறது? சீதனத்தைப் பற்றி நாற்பது ஆண்டாக நாம் தலையங்கம் எழுதியிருக்கிறோம். 1707இல் ஒல்லாந்தர் தொகுத்த தேசவழமைச் சட்டத்திலேயே அதற்குப் பல பிரிவுகள் உண்டு. வெளிநாட்டுச் சகோதரனின் தலையில் விழும் இந்தப் புதுச் சீதனத்தைப் பற்றி யாரும் எழுதக் காணோம். எழுதாதவர்களில் நானும் அடக்கம்.

என் குற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். 2002 ஏப்ரலில் ஏ9 திறந்தது. 2006 ஆகஸ்டில் முகமாலையில் சண்டை மூண்டபோது மீண்டும் அடைபட்டது. நடுவில் நான்கு ஆண்டு. அந்தக் காலத்தில் ஊரில் நெருங்கிய சொந்தத்தில் மூன்று கலியாணங்கள். சமாதானப் பேச்சுச் செய்திகளில் மூழ்கியிருக்கிறேன் என்று சொல்லி நான் ஒன்றுக்கும் போகவில்லை. பாதை திறந்திருந்ததால் எப்போதும் போகலாம் என்று நினைத்தேன். அந்த மூன்று மாப்பிள்ளைகளில் ஒருவர் 2009க்குப் பின் இல்லை. அவருடைய முகம் எனக்குப் படத்தில்தான் தெரியும்.

தங்கையின் வீடு அவளுக்குச் சீதனமாக வந்தது. 2000இல் சாவகச்சேரி இரு தரப்பின் சண்டையில் சிதைந்தபோது சுவர்கள் மட்டும் நின்றன. போர் முடிந்தபின் கட்டி எழுப்பினார்கள். முற்றத்து மாமரம் தப்பிவிட்டது. நான் 1993இல் படமெடுத்தது அதன் நிழலுக்கு வெளியே. புறப்படும் நாள் காலை மச்சான் அந்த முற்றத்தில் நின்று காலடியால் அளந்துகொண்டிருந்தார். மகனுக்கு வரும் தையில் கலியாணம் பேசி முடிந்துவிட்டதாம். மண்டபம் இல்லை; பந்தல்தான், நூறு பேருக்கு. "திகதியை இந்த முறை ஒருத்தரிட்டையும் கேக்கேல்லை" என்றார்.

அன்றிரவு தம்பிக்கு எழுதினேன். திகதியைச் சொல்லி, பிள்ளைகளுக்குப் பள்ளி இருக்கும், நீ தனியாக வா, வெறுங்கையோடு வா, யாராவது ஏதாவது கேட்டால் என்னிடம் அனுப்பு என்று எழுதினேன். கொழும்பில் இறங்கினால் மருமகன் வந்து ஏற்றிக்கொள்வான், சங்குப்பிட்டி வழியாக.