பசியும் பருமனும்

கல்லூரியை விட்டகன்று முப்பது நாற்பது ஆண்டுகள் கழிந்தபின் ஓரிடத்திற் கூடும் பழைய மாணவரின் உரையாடலைச் சற்றே செவிமடுப்போமாயின் ஓர் உண்மை புலனாகும். முன்னாளில் உத்தியோகத்தையும் இடமாற்றத்தையும் பற்றி வினவியோர், இந்நாளில் ஒருவரையொருவர் இரத்தத்திற் சீனி எவ்வளவு என்றே வினவுகின்றனர். 2005–2006 ஆம் ஆண்டுகளில், போர்ச் சூழலால் வடக்கும் கிழக்கும் நீங்கலாக, இலங்கையின் ஏழு மாகாணங்களில் நடைபெற்ற ஆய்வு, வளர்ந்தோருள் ஏறக்குறைய ஐவரில் ஒருவர் நீரிழிவையோ அதன் முன்னிலையையோ உடையர் எனக் கண்டது. இந்நோய்க்கு வழிகோலுவனவற்றுள் முதன்மையானது வயிற்றைச் சுற்றித் திரளும் கொழுப்பாகும். தெற்காசியராகிய நமக்கு இக்கொழுப்பு விரைவிற் கேடு செய்யும். ஆதலினாலேயே நம்மவருள் ஆடவர்க்கு 90 சென்ரிமீற்றரும் பெண்டிர்க்கு 80 சென்ரிமீற்றரும் இடைச் சுற்றளவின் எல்லையென வகுக்கப்பட்டுள்ளன. வேட்டி உடுப்போர் இவ்வெல்லையைக் கடந்ததை நெடுங்காலம் உணரார். காற்சட்டை அணிவோர்க்கு அது விரைவிற் சொல்லிவிடும்.

உடல் மெலிய விரும்புவார்க்கு நம் சமூகம் கூறும் அறிவுரை ஒன்றே: "வாயைக் கட்டு" என்பது. பருத்தவனைப் பெருந்தீனிக்காரன் என்று நகைப்பதும் நம் வழக்கம். இவ்விரண்டும் பிழையென்பதே இக்கட்டுரையாளன் கருத்து. பசி ஒரு குணக்கேடன்று. அஃது உடலின் ஏவல். 1944–45 இல் அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் அன்சல் கீஸ் என்பார், நல்ல உடல்நலமுடைய 36 இளைஞரை 24 கிழமைகள் அரைப்பட்டினியாக வைத்து ஆராய்ந்தார். அவர்கள் தம் எடையில் ஏறக்குறைய நாலிலொரு பங்கை இழந்தனர். ஆயின் இழந்தது எடை மாத்திரமன்று. இரவும் பகலும் உணவையன்றி வேறொன்றையும் அவர்கள் எண்ணாராயினர். சமையற் புத்தகங்களைப் படித்துப் பொழுது போக்கினர். தட்டை நாவால் நக்கினர். மனவுறுதியுடையோரெனத் தேர்ந்தெடுக்கப்பட்ட இளைஞரின் நிலையே இதுவாயின், அலுவலகத்தில் நாள் முழுதும் உழைத்து வீடு திரும்பும் குடும்பத்தலைவன் பட்டினியால் மெலிவான் என எதிர்பார்ப்பது எங்ஙனம்? 1994 இல் கண்டறியப்பட்ட லெப்ரின் என்னும் ஓமோன் கொழுப்பிலிருந்து சுரந்து, சேமிப்புப் போதுமென்று மூளைக்கு உணர்த்துவது. 1999 இல் யப்பானியர் கண்டறிந்த கிரெலின் வெறும் வயிற்றிலிருந்து சுரந்து பசியை எழுப்புவது. கொழுப்புக் குறையக் குறைய முன்னையது தாழ்கின்றது, பின்னையது உயர்கின்றது. பட்டினி கிடப்பவன் தன் உடலோடு மல்லுக்கு நிற்கின்றான். அம்மல்லில் வெல்வோர் சிலரே.

ஆயின் செய்யத்தக்கது யாது? வயிற்றை வெறுமையாக விடாது, குறைந்த கலோரியில் அதனை நிறைப்பதே. இதனை ஆராய்ந்தோருள் அவுஸ்திரேலியாவின் சிட்னிப் பல்கலைக்கழகத்தார் குறிப்பிடத்தக்கவர். 1995 இல் அவர்கள் 38 உணவுகளை ஒரேயளவு கலோரி தரும்படி அளந்துகொடுத்து, இரண்டு மணி நேரம் வயிறு எவ்வளவு நிறைவாயிருந்ததென வினவிக் குறித்தனர். வெள்ளைப் பாணுக்கு 100 என மதிப்பிட, அவித்த உருளைக்கிழங்கு 323 பெற்று முதலிடம் எய்தியது. மீனொன்று 225 உம், தோடம்பழம் 202 உம் பெற்றன. கேக்கு 65 மாத்திரமே பெற்றது. கிழங்கு உடலைப் பருக்கச் செய்யுமென அஞ்சி அதனை ஒதுக்கிவிட்டுத் தேநீருடன் கேக்கு உண்பார் இதனைச் சிந்திப்பாராக. கிழங்கைப் பொரித்தால் கதை வேறு. எண்ணெயின் ஒரு கிராம் ஒன்பது கலோரி தருவது, மாப்பொருளின் ஒரு கிராம் நான்கே தருவது.

நம் அடுக்களைக்கு இவ்வாய்வு புதிதன்று. முருங்கையிலை, வல்லாரை, பொன்னாங்காணி, அகத்தி முதலிய இலைக்கறிகள் நீரும் நாரும் மிக்கன. அவித்த பயறும் கடலையும் புரதமும் நாரும் ஒருங்கே உடையன. மரக்கறியும் மீனும் நிறைய இட்ட ஒடியற் கூழ் ஒரு கோப்பையிலேயே வயிற்றை நிறைக்கும். ஆயின் இன்று நம்மவர் தட்டில் இலைக்கறி ஊறுகாய்க்குரிய இடத்திற்கு ஒதுங்கிவிட்டது. சோறு மலைபோல் நடுவே வீற்றிருக்கின்றது. இதனைத் தலைகீழாக்குதல் வேண்டும். அரைப் பங்கு மரக்கறியும் இலையும், காற்பங்கு மீனோ முட்டையோ பருப்போ, எஞ்சிய காற்பங்கு சோறு என வகுத்து, மரக்கறியை முதலிலும் சோற்றைப் பின்னரும் உண்க. 2015 இல் நியூயோர்க்கில் நீரிழிவாளர் சிலரைக்கொண்டு செய்த சோதனையில், அதே உணவை இம்முறையில் உண்டபோது இரத்தச் சீனி குறைவாகவே ஏறியமை காணப்பட்டது. குரக்கனைப் பற்றி ஒரு சொல். அது நல்ல தானியமே. எனினும் குரக்கன் பிட்டு என்றால் எவ்வளவும் உண்ணலாமெனக் கருதித் தேங்காய்ப்பூவும் சீனியுமாகக் குவித்துண்பார் மெலியமாட்டார்.

பசியைத் தணியாது கலோரியை மாத்திரம் ஏற்றுவனவற்றுள் தலையாயது இனிப்புத் தேநீர். ஒரு கோப்பைக்கு மூன்று கரண்டி சீனி, நாளுக்கு ஐந்து கோப்பை எனக் கொள்வோம். பதினைந்து கரண்டியில் ஏறக்குறைய 60 கிராம் சீனி, 240 கலோரி. ஒரு மணி நேரம் விரைந்து நடப்பவன் செலவிடுவதும் ஏறத்தாழ இவ்வளவே. இதற்கு மேலாக ரின்பால் வேறு. குடித்த கலோரியை வயிறு நன்கு கணக்கில் எடுப்பதில்லையாதலின் அடுத்த வேளைச் சோறு சிறிதும் குறைவதில்லை. நம் மூத்தோர் வெறுந்தேநீரை ஒரு சிறு பனங்கட்டித் துண்டைக் கடித்துக்கொண்டு அருந்தினர். பனங்கட்டியும் இனிப்பே, ஆயினும் அத்துண்டு சிறிது.

மாணவர்க்கும் இதில் ஒரு பாடமுண்டு. 2019 இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவகத்தில் 20 பேரைத் தங்கவைத்து, இரண்டு கிழமை ஆலையிற் பதப்படுத்திய உணவும் இரண்டு கிழமை இயல்பான உணவும் வேண்டியமட்டும் உண்ணவிட்டனர். இரு உணவிலும் பரிமாறப்பட்ட கலோரியும் சீனியும் கொழுப்பும் நாரும் ஒத்தனவாகவே அமைக்கப்பட்டன. எனினும் ஆலையுணவு உண்டபோது நாடோறும் ஏறக்குறைய 500 கலோரி மிகையாக உண்டு ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைய எடை கூடினர். இயல்பான உணவில் அவ்வளவு குறைந்தனர். மென்மையான உணவு விரைந்து உள்ளே செல்கின்றது, நிறைவென்னும் செய்தியோ மூளைக்குத் தாமதமாகவே எட்டுகின்றது. பாடசாலைச் சிற்றுண்டிச்சாலைகளில் அவித்த கடலைக்குப் பதிலாகப் பைக்கற்றுப் பண்டங்களும் இனிப்புப் பானங்களும் இடம்பிடித்திருப்பதன் பொருள் இதனாற் புலப்படும். 2016 இல் அரசு இனிப்புப் பானப் போத்தல்களிற் சிவப்பு, செம்மஞ்சள், பச்சை நிற அடையாளமிடக் கட்டளையிட்டது. அதனை நோக்கி வாங்கும் மாணவர் எத்துணையர்? பரீட்சைக் காலத்தில் நித்திரையைத் துறப்பதும் இதனோடு சேர்ந்ததே. 2004 இல் வெளியான ஆய்வொன்றில், இரண்டு இரவுகள் நான்கு மணி நேரமே உறங்கிய இளைஞரிடம் கிரெலின் 28 வீதம் ஏறியும் லெப்ரின் 18 வீதம் இறங்கியும் காணப்பட்டன. நள்ளிரவில் எழும் பலகாரப் பசி அவர்தம் குற்றமன்று.

இயற்கை வழி என்றவுடன் இயற்கைக் குளிசையைத் தேடியோடுவாரும் உளர். மீன்கறிக்கு இடும் கொறுக்காய்ப்புளியின் சாரத்தைக் குப்பியிலடைத்து, பசி போக்கும் மருந்தென மேல்நாட்டில் விற்றனர். 1998 இல் 135 பேரிடம் பன்னிரண்டு கிழமை சோதித்தபோது அது வெறுங்குளிசையினும் மேலாக யாதும் செய்யவில்லை. பிற்காலத்தில் அத்தகைய குளிசைகளை உட்கொண்டோர் சிலரின் ஈரல் பழுதுற்றமையும் அறியப்பட்டது. கொறுக்காயின் இடம் கறிச்சட்டியே. வெறுந்தண்ணீர் இதனினும் நன்று: 2010 இல் வெளியான ஆய்வில், கலோரி குறைந்த உணவு கொண்ட முதியோருள், வேளைதோறும் உணவுக்கு முன் அரை லீற்றர் நீர் அருந்தியவர்கள் மற்றையோரினும் இரண்டு கிலோ அதிகம் குறைந்தனர்.

மருந்தே ஆகாதென யாம் வாதிக்க வந்தோமல்லேம். செமகுளூரைட் என்னும் ஊசிமருந்து, 2021 இல் வெளியான சோதனையில், 68 கிழமைகளில் ஏறக்குறைய 15 வீத எடையைக் குறைத்தது. நோய் முற்றியோர்க்கு அது பெருந்துணை. ஆயின் ஊசியை நிறுத்திய ஓராண்டினுள், குறைந்ததில் மூன்றிலிரண்டு பங்கு மீண்டுவிட்டது. தட்டிலுள்ளது மாறாதவிடத்து ஊசியை ஆயுள் முழுதும் தொடரவேண்டி வரும்; அதற்குரிய பொருள்வளம் நம்முட் சிலர்க்கே உண்டு. திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தின் பெரும்பகுதி உண்ணும் அளவையே பேசுகின்றது என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது. நீரிழிவுக்கு இன்சுலினோ குளிசையோ கொள்வோர், வைத்தியரைக் கலந்தே உணவைக் குறைத்தல் வேண்டும். இன்றேற் சீனி அளவுக்கு மீறி இறங்கி மயக்கமுறுவர்.

இறுதியாக, விருந்தோம்பல். "இன்னும் ஓர் அகப்பை" என்று வற்புறுத்துவதை அன்பெனவும், மறுப்பதை அவமதிப்பெனவும் கொள்ளும் வழக்கம் நம்மிடை ஆழ வேரூன்றியுள்ளது. விரத நாளிற்கூட ஒருபொழுது உண்பதென்னும் நோன்பு, வடையும் பாயசமும் கூடிய பெருவிருந்தாய் முடிகின்றது. இரண்டு வேளைப் பட்டினியை ஒரு வேளையில் ஈடுசெய்வதை எந்த ஆகமமும் விதித்ததாக யாம் அறியோம். மறுக்கும் விருந்தினனை வற்புறுத்தாதிருக்கும் நாகரிகத்தைப் பழைய மாணவராகிய நாமே தொடக்கிவைக்கலாம். இவ்வாண்டு விழா விருந்திலே இலைக்கறியும் மரக்கறியும் முதலில் வரட்டும். சோற்றை அவரவர் வேண்டியவாறு இட்டுக்கொள்ளட்டும். தேநீரைச் சீனியின்றி ஊற்றிச் சீனியை வேறு கிண்ணத்தில் வைக்கட்டும். இதற்குப் பொருட்செலவு யாதுமில்லையாதலின், விழாக் குழுவினர் அடுத்த கூட்டத்திலேயே இதனை எடுத்து ஆலோசிப்பாராக.