நத்தார்ப் போத்தலும் தீர்வையும்

எங்கள் ஒழுங்கையின் கோடியிலே, வயது எண்பதைக் கடந்த பறங்கியப் பெருமாட்டி ஒருவர் வசிக்கின்றார். அயலார் அனைவருக்கும் அவர் ‘அன்ரி’. ஆண்டுதோறும் நத்தாருக்கு இரண்டு நாள் முன்னதாக அவருடைய பேரன் கூடையொன்றைச் சுமந்துகொண்டு வீடுவீடாக வருவான். கூடையிலே சிறு கண்ணாடிப் போத்தல்கள். அவற்றினுள்ளே தேன்நிறத்தில் தெளிந்த பானம். கழுத்திலே சிவப்பு நாடா. நடுங்கும் கையால் எழுதிய பெயர்ச் சீட்டு. மதுவைத் தொடாத வீடுகளுக்கு இஞ்சிப் பானமும், மற்றையோருக்கு ‘மில்க் வைன்’ என்று அவர்கள் வழங்கும் பானமும் வரும். நான் எந்த வகுப்பைச் சேர்ந்தவன் என்பதை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

அந்தப் பானத்தின் பெயரிலே பாலும் உண்டு, வைனும் உண்டு. ஆயினும் போத்தலில் இரண்டும் இல்லை. தென்னஞ்சாராயத்திலே கறுவா, கராம்பு, ஏலம், சாதிக்காய், தேசிக்காய்த் தோல் முதலியவற்றை நாட்கணக்கில் ஊறவைப்பர். பின்னர் சீனியும் தேசிப்புளியும் சேர்த்துக் காய்ச்சிய பாலை அதனுடன் கலப்பர். பால் திரைந்து, கலங்கலையும் கரகரப்பையும் தன்னோடு இழுத்துக்கொண்டு அடியில் தங்கும். துணியில் ஒரு முறையல்ல, நாலைந்து முறை வடிகட்டினால் எஞ்சுவது கண்ணாடிபோலத் தெளிந்த பானம். இது நம் நாட்டிற்கு மட்டும் உரிய வித்தையன்று. அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்கிளின் 1763 ஆம் ஆண்டிலே தம் நண்பர் ஜேம்ஸ் போடனுக்கு எழுதிய கடிதத்தில், பிராந்தியைக் கொண்டு இதே முறையிலே பானம் செய்யும் விதத்தைக் குறித்தனுப்பினார். இவ்வகைப் பானம் அன்றும் நண்பர்க்கு நண்பர் வழங்கும் பொருளாகவே இருந்தது.

சென்ற ஐப்பசியில் ஒருநாள் மாலை அன்ரி என்னை வாயிலில் மறித்தார். “மகன், சாராயம் விக்கிற விலையில இந்த முறை எனக்கு ஏலாது. ஒரு ஆள் கானில ஸ்பிரிட் கொண்டுவந்து தாறானாம். நிறமில்லை, மணமில்லை. கடை விலையில மூண்டில ஒரு பங்குதானாம். கறுவாவும் கராம்பும் போட்டால் வித்தியாசம் ஆருக்குத் தெரியப் போகுது?” என்றார்.

விலையைப் பற்றி அவர் சொன்னதில் மிகையில்லை. 2022 ஆம் ஆண்டின் பொருளாதாரச் சரிவின் பின்னர் மதுபானத்தின்மீதான தீர்வை 2023 ஜனவரியில் 20 வீதத்தால் உயர்ந்தது. அவ்வாண்டு ஜூலையில் மீண்டும் உயர்ந்தது. 2024 ஜனவரியிலும் 2025 ஜனவரியிலும் மேலும் உயர்ந்தது. ஓய்வூதியத்தில் வாழும் ஒரு மூதாட்டிக்குப் பன்னிரண்டு போத்தல் நட்பு என்பது இப்போது பெருஞ்செலவு. ஆனால் என்னைத் திடுக்கிட வைத்தது அவருடைய கடைசி வாக்கியமே. ‘வித்தியாசம் ஆருக்குத் தெரியப் போகுது?’ இதே கணக்கைப் போட்ட ஒரு நாட்டில் என்ன நேர்ந்தது என்பது அப்பொழுது என் நினைவுக்கு வந்தது.

அந்நாடு துருக்கி. அங்கே ‘ராக்கி’ என்பது திராட்சையிலிருந்து வடித்துப் பெருஞ்சீரகத்தை ஒத்த மணமுடைய அனிஸ் விதையால் வாசனையூட்டிய பானம். நீர் சேர்த்தவுடன் பால்போல் வெளுக்கும். விருந்தென்றால், நண்பர் கூட்டமென்றால், மேசையின் நடுவே அது இருக்கும். மதுபானத்தின்மீதான விசேட நுகர்வு வரி அந்நாட்டிலே ஆண்டுக்கு இருமுறை, ஜனவரியிலும் ஜூலையிலும், விலையேற்றத்தைத் தொடர்ந்து உயர்த்தப்படுகிறது. நாணயமோ சரிந்துகொண்டிருந்தது. கடையில் வாங்க இயலாதவர்கள் எதைல் அற்ககோலை வாங்கி, அனிஸ் எண்ணெயும் நீரும் சேர்த்து, சில நாள் வைத்திருந்து, வீட்டிலேயே ராக்கி செய்யக் கற்றனர். முதலில் தமக்காகச் செய்தார்கள். பிறகு மைத்துனருக்கும் அயலவருக்கும் ஒவ்வொரு போத்தல் கொடுத்தார்கள். அதுவரையில் அது நம் அன்ரியின் சமையலறையேதான்.

அடுத்த படியிலேதான் கேடு விளைந்தது. வீட்டுப் போத்தலுக்கு ஒரு நற்பெயர் உண்டு: தெரிந்தவர் கையால் செய்தது, கலப்படமற்றது என்பதே அது. அந்த நற்பெயரைத் திருடிக்கொண்டு வியாபாரிகள் புறப்பட்டனர். ‘வீட்டு ராக்கி’ என்ற பெயரிலே, சீட்டற்ற போத்தல்களில், மெதனோல் கலந்த சரக்கு விற்பனையாயிற்று. 2025 ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் இஸ்தான்புல், அங்காரா ஆகிய இரு நகரங்களிலும் 100க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அது முதற்றடவையுமன்று; 2020 ஒக்டோபரிலும் அந்நாடு இதே துயரைக் கண்டது.

மெதனோலின் கொடுமையைச் சற்று விரித்துச் சொல்லவேண்டும். ஏனெனில் இதுபற்றி நம்மவரிடையே நிலவும் நம்பிக்கைகள் உயிருக்கே உலை வைப்பன. குடிக்கும் அற்ககோலாகிய எதனோலும், மை, பூச்சு முதலிய கைத்தொழில்களில் பயன்படும் மெதனோலும் நிறத்தால் ஒன்று. மணத்தாலும் சுவையாலும் சாதாரண மனிதர் வேறுபடுத்த இயலாதவை. கொளுத்திச் சுவாலையைப் பார்த்து அறியலாம் என்பதும், கரண்டியை அமிழ்த்திப் பார்த்து அறியலாம் என்பதும் வெறுங்கதை. குடித்தவுடன் வருவது வழமையான வெறிதான். நஞ்சு தன் வேலையைப் பின்னர்த் தொடங்குகிறது. ஈரல் மெதனோலைப் போமல்டிகைட்டாகவும், அதனைப் போமிக் அமிலமாகவும் மாற்றுகிறது. பன்னிரண்டு மணிநேரமோ ஒரு முழுநாளோ கழிந்தபின் வாந்தி, வயிற்றுவலி, மூச்சுத் திணறல், கண்முன் பனி படர்ந்ததுபோன்ற மங்கல் ஆகியன தோன்றும். பார்வை நரம்பு கருகுவதற்குச் சுமார் 10 மில்லிலீற்றரே போதும். 30 மில்லிலீற்றர், அதாவது இரண்டு மேசைக்கரண்டி, உயிரைப் போக்கவல்லது. காலந்தாழ்த்தாது வைத்தியசாலையை அடைந்தால் போமெப்பிசோல் என்னும் மருந்தாலும், இரத்தச் சுத்திகரிப்பாலும் காப்பாற்றலாம். காலையில் எழுந்து ‘நேற்றைய வெறி இன்னும் தெளியவில்லை’ என்று படுத்துக்கொள்பவரே பெரும்பாலும் இறக்கின்றார்.

பழத்தைப் புளிக்கவைத்தாலும் சிறிதளவு மெதனோல் தானே உண்டாகும் என்று சிலர் வாதிப்பர். உண்மைதான், பழத்திலுள்ள பெக்ரின் காரணமாக அது உண்டாகிறது. ஆயினும் ஊரையே வாரிக்கொண்டுபோகும் மரணங்களுக்குக் காரணம் அந்தச் சிறுதுளியன்று. தொழிற்சாலைக்கென வந்த மெதனோலை, அதன் மலிவைக் கருதி, மனிதர் குடிக்கும் போத்தலுக்குள் ஊற்றும் கையே காரணம். 2024 ஜூனில் தமிழகத்துக் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்ட ஏழைத் தொழிலாளர் மாண்டதும் மெதனோலாலேயே. அவ்வாண்டு நவம்பரில் லாவோஸ் நாட்டின் வாங் வியங் நகரிலே ஆறு வெளிநாட்டுப் பயணிகள் இறந்தனர். அவர்களுட் சிலர் அருந்தியது தங்கிய விடுதியிலே இலவசமாக ஊற்றிக்கொடுத்த பானம் என்று செய்திகள் கூறின. இலவசமாகத் தரப்படுவதை யார்தான் முகர்ந்து பார்த்துச் சோதிப்பர்?

இங்கேதான் வாசனையூட்டிய பானத்துக்கென்று தனியான ஓர் ஆபத்து உண்டு. வெறுஞ்சாராயம் தன் குறையை ஓரளவு காட்டிக்கொடுக்கும். கறுவாவும் கராம்பும் அனிசும் செய்யும் வேலையோ குறையை மூடுவது. நம் பாட்டிமாரின் கைவண்ணம் எதுவோ, அதுவே கள்ளச்சரக்கு வியாபாரியின் திரையுமாகிறது.

அப்படியானால் தீர்வையைக் குறைத்துவிடுவதா? அவ்வாறு எழுதினால் கைதட்டுவதற்குப் பலர் உளர். நான் அவ்வாறு எழுதமாட்டேன். விலை உயர்ந்தால் குடி குறைகிறது என்பது உலகெங்கும் கண்ட உண்மை; நம் நாட்டில் குடியால் சீரழிந்த குடும்பங்களை எண்ணுவோர் அதனை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆனால் தீர்வை ஒன்றையே உயர்த்திவிட்டு, மெதனோல் எங்கிருந்து வந்து எவர் கைக்குப் போகிறது என்ற கணக்கைத் தளரவிடும் அரசாங்கம், பாதி வேலையையே செய்கிறது. துருக்கி அரசு சில்லறையில் விற்கும் எதைல் அற்ககோலிலே கசப்புப்பொருளைக் கலக்கச் செய்தது. அற்ககோல் குடிக்கமுடியாததாயிற்று, குடிக்க விரும்பியவரோ வேறு வழியைத் தேடினர். கசப்பற்றுக் கிடைத்த வழிகளுள் மெதனோலும் ஒன்று. நல்லெண்ணத்தோடு செய்த செயல் எத்திசையில் தள்ளும் என்பதைச் சட்டம் இயற்றுவோர் முன்கூட்டியே எண்ணிப் பார்ப்பது அரிது.

ஹங்கேரியர் வேறுவழியில் சென்றனர். பிளம், அப்ரிகொட் முதலிய பழங்களிலிருந்து வடிக்கும் ‘பாலிங்கா’ அங்கே கிராமத்து விருந்தின் உயிர். 2010 இல் அந்நாட்டு அரசு குடும்பத் தேவைக்கென ஆண்டுக்கு 50 லீற்றர்வரை வீட்டிலே வரியின்றி வடிக்க இடமளித்தது. ஐரோப்பிய நீதிமன்றம் 2014 இல் இது பொதுச்சட்டத்துக்கு முரண் எனத் தீர்ப்பளித்தது. பின்னர் ஐரோப்பிய விதிகள் திருத்தப்பட்டு, 2021 முதல் ஓர் எல்லைக்குள் அது மீண்டும் வரியற்றதாயிற்று. தன் தோட்டத்துப் பழத்தைத் தானே வடித்து மகளின் திருமணத்துக்கு வைப்பவன் வேறு, கான் கானாக விற்பவன் வேறு என்று அச்சட்டம் பிரித்தறிய முயல்கிறது. நம்முடைய 1912 ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டமோ, அனுமதிப்பத்திரமின்றி வடிப்போரையெல்லாம் ஒரே கண்ணால் நோக்குகிறது. ஹங்கேரியின் ஏற்பாட்டை இங்கே கொண்டுவரச் சொல்ல நான் துணியேன். கசிப்பின் கொடுமையை அறிந்தவர் எவரும் துணியார். ஆயினும் கடையிலே தீர்வை கொடுத்து வாங்கிய சாராயத்தில் கறுவாவை ஊறவைத்து அயலவனுக்கு அளிப்பதற்கும் கசிப்புக் காய்ச்சுவதற்கும் உள்ள தூரத்தை, சட்டத்தைக் கையாள்வோரும் செய்தி எழுதுவோரும் உணர்ந்து பேசலாம்.

இவற்றையெல்லாம் அன்று வாயிலில் நின்று அன்ரிக்கு விளக்க முனைந்தேன். கான் ஸ்பிரிட்டைத் தொடவே வேண்டாம், கண் போய்விடும் என்றேன். அவர் முகம் சிவந்தது. “நாற்பது வருசம் என்ர கையால குடிச்ச நீ, இண்டைக்கு என்ர போத்தலில நஞ்சு எண்டு சொல்லுறாயா?” என்று கேட்டுக் கதவைச் சாத்தினார். உங்கள் கையையல்ல, கானின் கையைத்தான் சந்தேகிக்கிறேன் என்று சாத்திய கதவுக்குச் சொல்லிவிட்டு வந்தேன்.

நத்தாருக்கு இரண்டு நாள் முன்னதாகப் பேரன் வந்தான். கூடை சிறிதாயிருந்தது, இம்முறை எல்லோருக்கும் அரைப்போத்தல். தேன்நிறமும் சிவப்பு நாடாவும் வழமைபோலவே இருந்தன. பெயர்ச் சீட்டில் என் பெயருக்குக் கீழே, ‘கடையில் வாங்கிய சாராயம், பற்றுச்சீட்டு என்னிடம் உண்டு’ என்று ஒரு வரி கூடுதலாக எழுதியிருந்தது. என் மனைவி அதனை இருமுறை வாசித்துவிட்டு, அன்ரிக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை என்றாள்.