கழிமுக நாடு

நாடு என்னும் சொல்லை இன்று நாம் கொடியும் நாணயமும் உடைய தேசங்களுக்கே உரியதாக்கிவிட்டோம். ஆயினும் நம் முன்னோர் ஆறும் வயலும் ஒருங்கே அமைந்த சிறு பிரதேசத்தையும் நாடென்றே வழங்கினர் என்பதை மனத்திற் கொண்டு, கடலூரில் கெடிலம் சமுத்திரத்தைச் சேரும் இடந்தொட்டு, பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்றைக் கடந்து, கொள்ளிடத்து முகத்துவாரம் வரையில் நீளும் கரையை நோக்கினால், அதுவும் தனக்கெனச் சரித்திரமும் ஜீவனோபாயமும் வாய்ந்த ஒரு சிறு நாடே என்று சொல்லத் தடையில்லை.

1690இல் கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராட்டியரிடம் விலைக்கு வாங்கிய ஆங்கிலக் கம்பெனியார், பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம்வரை உள்ள ஊர்களெல்லாம் தமக்கே என்று எல்லை வகுத்தனர். அந்த எல்லை அழிந்துபோயிற்று. உப்பு நீரும் நன்னீரும் கூடி வகுத்த எல்லையோ இன்றும் பிச்சாவரத்தில் பிரத்தியட்சமாய் நிற்கிறது.

சிதம்பரத்துக்குத் தில்லை என்னும் திருநாமத்தைத் தந்த விருட்சத்தை அதன் இயல்பான வாசஸ்தலத்தில் காண விரும்புவோர், ஏறத்தாழ 1,100 ஹெக்டேர் பரந்த பிச்சாவரத்து அலையாத்திக் காட்டுக்குத்தான் படகேற வேண்டும். தில்லை மரத்தின் பால் கண்ணிற் பட்டால் பார்வைக்கே கேடு. சுரபுன்னையோ, தாய்மரத்தில் தொங்கும்போதே விதை முளைவிட்டு, நீண்ட பச்சைக் காய்போல் சேற்றில் விழுந்து வேரூன்றும். அவ்வேர்களின் இடையே, இடுப்பளவு நீரில் இருளர் குலத்துப் பெண்கள் பனையோலைப் பறியைப் பல்லிற் கவ்விக்கொண்டு, இரு கைகளாலும் சேற்றைத் தடவித் தடவி இறால் பிடிக்கிறார்கள். வலையும் இல்லை, தோணியும் இல்லை. கழியில் இறால் இருந்தால் அன்று அடுப்பெரியும்.

இக்காடு ஒருகாலத்தில் நலிந்தது. ஆடுமாடு மேய்ப்போரும் விறகு பொறுக்கும் ஏழைகளுமே அதற்குக் காரணம் என்று நெடுநாள் பழி சுமத்தப்பட்டது; உண்மையோ வேறு. ஆங்கிலேயர் காலந்தொட்டு 1970கள் வரையில் பகுதி பகுதியாகக் காட்டை மொட்டையடித்து வெட்டிய சர்க்கார் முறையினால், வெயில் பட்ட நிலம் தாழ்ந்து, பள்ளங்களில் கடல்நீர் தேங்கி வற்றி உப்பு முற்றியதே மூலகாரணம் என்று ஆராய்ச்சியாளர் கண்டறிந்தனர். 1990களில் சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தாரும் வனத்துறையாரும் கிராமத்தாரும் கூடி வாய்க்கால் வெட்டி நீரோட்டத்தை மீட்டபின் காடு மீண்டும் தழைத்தது. 2004 டிசம்பர் 26இல் பேரலை எழுந்தபோது, காட்டின் மறைவில் இருந்த குப்பங்களில் சேதம் குறைவு; முகத்துவாரத்தில் மறைவின்றி நின்ற எம்.ஜி.ஆர். திட்டு என்னும் குப்பமோ பேரிழப்புக்கு ஆளாயிற்று.

இத்தனையும் அறிந்த பின்னரும், ஆற்றுநீர் வீணாகக் கடலில் கலக்கிறது என்னும் வார்த்தையை மேடைதோறும் கேட்க நேருவது எனக்குப் பெரும் வேதனை. கடலுக்குச் செல்லும் நீரே உப்பைத் தடுக்கிறது என்பதற்கு அயலிலும் சான்றுண்டு. மேற்கு ஆப்பிரிக்காவின் காம்பியா என்னும் சிறு தேசம் ஒரே நதியின் இருகரையன்றி வேறில்லை. கோடையில் நதி மெலிந்தால் கடலுப்பு வெகுதூரம் உள்ளேறி அதன் நெல்வயல்களை வருத்துகிறது. நமது கரையும் அதே நியதிக்கு உட்பட்டதே. கீழணையில் தடுக்கப்படும் கொள்ளிட நீர் வடவாற்றின் வழியே வீராணம் ஏரியை நிரப்பி வயலுக்குப் பாய்கிறது. 2004 முதல் சென்னையின் தாகத்தையும் தீர்க்கிறது. அவ்விரண்டும் நியாயமான தேவைகளே. எனினும் நதியின் கடைசிப் பங்காளியான கழிமுகத்துக்கு ஒரு பங்கும் எழுதிவைக்காதது அநீதி என்பதே என் திடமான அபிப்பிராயம்.

ஆதலால், கீழணையிலும் ஆதனூர்–குமாரமங்கலம் கதவணையிலும் நீர் திறக்கும் முறையை நிர்ணயிக்கும் நீர்வளத் துறையினர், கோடை மாதங்களில் கான் சாகிப் கால்வாய்க்கும் உப்பனாற்றுக்கும் இத்தனை கன அடி என்று விதியிலேயே எழுதி, அதைப் பிச்சாவரத்துக்குத் தவறாமல் விட வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.