வாயில்லாக் காவலனின் மூட்டு வலி

சென்ற திங்கள் இப்பகுதியில், மழை நாள்களில் நீரைக் காய்ச்சிப் பருகுவதன் நன்மையைப் பற்றி எழுதியிருந்தோம். இத்திங்கள், உழைக்கும் நாயின் மூட்டு வலியைப் பற்றி எழுதப் புகுகின்றோம். "மனிதர் முழங்கால் வலிக்கே வழி காணோம், நாயின் முழங்காலுக்கு ஒரு கட்டுரையா?" என்று அன்பர் சிலர் நகைக்கக்கூடும். ஆயினும், அறியாமையால் நாமே செய்த பிழை ஒன்று நெஞ்சில் முள்ளாய்த் தைத்துக்கொண்டிருக்கின்றது. அதனை மறையாது உரைத்தால், வேறோர் இல்லத்தில் அது நேராதிருக்கும் என்பது நம் எண்ணம்.

நாம் குடியிருக்கும் ரயில்வே குவார்ட்டர்ஸில் மணி என்றொரு நாய் உண்டு. நம் வீட்டுத் தயிர்ச்சோற்றையும் எதிர்வீட்டு வங்காளியரின் மீன்சோற்றையும் உண்டு வளர்ந்தவன். அவ்வீட்டுக் குழந்தைகள் அவனை 'மோனி' என்பர். இரவுக் காவலாளியுடன் பத்தாண்டுகள் தவறாது சுற்றி வந்தவன். இரவு டியூட்டி முடிந்து நாம் திரும்புங்கால், கேட்டிலிருந்து வாயிற்படி வரை உடன் வந்து விட்டுச் செல்வான். சம்பளப் பட்டியலில் பெயர் இல்லையே தவிர, அவனும் ஓர் ஊழியன்தான்.

ஒரு மார்கழி விடியலில், அவன் படுத்த இடத்திலிருந்து எழ முயன்றதைக் கண்டோம். முன்கால்கள் ஊன்றின, பின்கால்கள் எழ மறுத்தன. இரண்டு மூன்று முறை முயன்று எழுந்தான். பத்தடி நடந்ததும் நடை சீராயிற்று. "குளிர்தான் காரணம்" என்று வாளாவிருந்தோம். சில நாள்களில் மாடிப்படி ஏறுவதை விட்டான். "வயதாயிற்று" என்றோம். பின்னர் ஓரிரவு அவன் முனகக் கேட்டு மனம் பொறாமல், நம் வீட்டு மருந்துப் பெட்டியிலிருந்த ஐபுபுரோஃபென் மாத்திரையைத் தோசைத் துண்டில் மறைத்துக் கொடுத்தோம். இவ்வாறு மூன்று நாள் கொடுத்தோம். நான்காம் நாள் வாந்தி எடுத்தான். மலம் தார்போல் கறுத்தது.

டாக்சியில் ஏற்றிக் கால்நடை மருத்துவர் ஒருவரிடம் கொண்டு சென்றோம். அவர் கேட்ட முதற் கேள்வி, "என்ன மாத்திரை கொடுத்தீர்கள்?" என்பதே. தலைகுனிந்து கூறினோம். அம்மருந்து நாயின் இரைப்பையைப் புண்ணாக்கிக் குருதி கசியச் செய்யும். சிறுநீரகத்தையும் கெடுக்கும் என்றார் அவர். ஊசியும் சலைனுமாக ஒரு வாரம் போராடி மணி பிழைத்தான். அன்பினால் கொடுத்தாலும் நஞ்சு நஞ்சே என்பதை அன்று கற்றோம். அதன்பின் மருத்துவரிடம் கேட்டும் நூல்களில் படித்தும் அறிந்தவற்றையே கீழே தருகின்றோம்.

மூட்டு என்பது எலும்புகள் சந்திக்கும் இடம். எலும்பு முனைகளை வழவழப்பான குருத்தெலும்பு போர்த்தியிருக்கின்றது. இடையே எண்ணெய் போன்ற நீர் நின்று உராய்வைக் குறைக்கின்றது. வண்டியின் அச்சுக்கு மசகு எவ்வாறோ, மூட்டுக்கு அந்நீர் அவ்வாறு. இனிக் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று. குருத்தெலும்பிற்கு நரம்பும் இல்லை; இரத்தக் குழாயும் இல்லை. ஆதலின் அது தேயத் தொடங்குங்கால் வலி தோன்றுவதில்லை. தேய்ந்த பகுதி மீண்டும் நன்கு வளர்வதும் இல்லை. வலி வெளிப்படும் நாளில், சுற்றியுள்ள சவ்வும் எலும்பும் முன்னமே பாதிக்கப்பட்டிருக்கும். நாய் நொண்டும் வரை காத்திருப்பது, அச்சு சூடேறிப் புகைந்த பின்னர் மசகு தேடுவதை ஒக்கும்.

ஹௌராவிலும் சியால்தாவிலும் ரயில்வே பாதுகாப்புப் படையின் நாய்கள் பயணிகளின் மூட்டைகளை மோந்து செல்வதை அன்பர்கள் கண்டிருப்பீர்கள். இத்தகைய பணிகளில் மிகுதியாகக் காணப்படும் லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு ஆகிய இனங்களில் ஒரு பரம்பரைக் குறை உண்டு. இடுப்பு மூட்டின் கிண்ணம் ஆழமின்றி அமைந்து, தொடை எலும்பின் பந்து அதனுள் சரிவரப் பொருந்தாது ஆடும், ஆடுவதால் தேயும். எக்ஸ்ரே படம் எடுத்தால் இளமையிலேயே இதனைக் கண்டறியலாம். இக்குறையுள்ள நாயைப் படியேறும் பணிக்கும் குட்டி ஈனுவதற்கும் விடாதிருத்தல் அறிவுடைமை.

பயிற்சி பெற்ற நாயிடம் மற்றொரு தொல்லையும் உண்டு. அது மிகவும் கீழ்ப்படிவுள்ளது. கட்டளை காதில் விழுந்தவுடன் வலியைப் பொறுத்து எழுந்துவிடும். வேலையின் கிளர்ச்சியில் நொண்டலும் மறைந்துவிடும். நமக்கு முதுகு வலித்தால் லீவு விண்ணப்பம் எழுதுகின்றோம். அதற்கு எழுதத் தெரியாது. அதன் விண்ணப்பத்தை அதன் உடலிலிருந்து நாமே படித்துக்கொள்ள வேண்டும்.

படிக்க வேண்டிய குறிப்புகள் இவை: ஓய்வுக்குப் பின் எழும்போது விறைப்பு; சில அடி நடந்ததும் அது தளர்தல்; ஓடும்போது பின்கால் இரண்டையும் சேர்த்து முயல்போல் தாவுதல்; குதிக்கவும் படியேறவும் தயங்குதல்; ஒரே மூட்டை ஓயாது நக்குதல்; தொடைச் சதை மெலிதல்; தொட்டால் சீறுதல். நேற்றுவரை குழந்தைகளோடு விளையாடிய நாய் இன்று உறுமினால், குணம் கெட்டது என்று அடிக்கலாகாது. எங்கேனும் வலிக்கின்றதா என்று முதலில் ஆராய வேண்டும்.

நொண்டும் நாய்க்கெல்லாம் முதுமை வாதம்தான் என்று முடிவு கட்டுவதும் தவறு. நம் நாட்டில் உண்ணி கடிப்பதால் பரவும் எர்லிக்கியா என்னும் நோய், காய்ச்சலோடு பல மூட்டுகளிலும் வீக்கத்தை உண்டாக்கக் கூடும். அதற்குரிய மருந்து வேறு. காலம் தாழ்த்தினால் உயிருக்கே ஆபத்து. இரத்தப் பரிசோதனையால்தான் இதனைப் பிரித்தறிய இயலும். முள், நக முறிவு, தசைநார் அறுதல் ஆகியவையும் நொண்டலுக்குக் காரணமாகும். ஆகவே மருத்துவரிடம் காட்டுதலே முதற் கடன். நம் நகரின் பெல்காச்சியாவில் 1893-ல் தோன்றிய வங்காளக் கால்நடைக் கல்லூரியை அறியாதார் சிலரே. அதன் வழியில் 1995-ல் மேற்கு வங்காள விலங்கு, மீன்வள அறிவியல் பல்கலைக்கழகம் அமைந்தது. கால்நடை மருத்துவத்தில் இத்துணைப் பழமையான ஊரில் வாழ்ந்துகொண்டு, கைம்மருந்தை நாடிய நம் பேதைமையை என்னென்பது!

இனி, மருந்தினும் மேலான முறை ஒன்றைக் கூறுவோம். அது அளவான உணவு. அமெரிக்காவில் 48 லாப்ரடார் குட்டிகளை இருபிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மற்றதைவிட 25 சதவீதம் குறைவாக உணவளித்து, வாழ்நாள் முழுதும் கவனித்தனர். அதன் முடிவு 2002-ல் வெளிவந்தது. மிகுதியாக உண்டவற்றின் இடைநிலை ஆயுள் 11.2 ஆண்டுகள், குறைவாக உண்டவற்றின் ஆயுள் 13 ஆண்டுகள். மூட்டுத் தேய்வுக்குத் தொடர்ந்து சிகிச்சை வேண்டிய காலமும் மெலிந்த நாய்களுக்கு ஏறத்தாழ மூன்றாண்டுகள் தள்ளிப் போயிற்று. இதற்குச் செலவு ஏதும் இல்லை, வரவுதான் உண்டு!

நாயின் விலாப்புறத்தைத் தடவிப் பாருங்கள். எலும்புகள் கைக்கு எளிதில் தட்டுப்பட வேண்டும். மேலிருந்து நோக்கினால் இடை ஒடுங்கியிருக்க வேண்டும். தென்பாண்டி நாட்டு இராசபாளையம், சிப்பிப்பாறை நாய்களின் ஒட்டிய வயிற்றைக் கண்டு, "பட்டினி போலும்" என்று இரங்குவோர் உளர். அதுவே அவற்றின் இயற்கை அழகு. விருந்தினர் ஒவ்வொருவரும் ஒரு ரசகுல்லாவை நாய்க்கு ஊட்டுவது அன்பன்று. அதன் மூட்டின்மேல் ஏற்றும் சுமையாகும்.

அடுத்தது தரை. நம் நகரின் பழைய வீடுகளில் சிவப்புச் சிமெண்டுத் தளம் கண்ணாடிபோல் மின்னும். அழகுதான், ஆனால் வாதமுள்ள நாய்க்கு அது வழுக்குப் பாறை. நாய் நடமாடும் வழியில் சணல் சாக்கை விரித்துவிடுங்கள். சணலுக்குப் பெயர் பெற்ற ஊரில் சாக்குக்கா பஞ்சம்? நகங்களை அவ்வப்போது வெட்டுதல் வேண்டும். குளிர்காலத்தில், ஈரத் தரையினின்று சற்று உயர்ந்த பலகைமேல் பழைய ஜமுக்காளத்தை மடித்து இட்டால் அதுவே நல்ல படுக்கை. விறைப்புள்ள மூட்டுக்கு வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் இதமாக ஒற்றடம் கொடுக்கலாம். சூட்டை முதலில் நம் கையில் சோதித்துக்கொள்க.

கட்டிப் போட்டு முழு ஓய்வு கொடுப்பதும் தீது. அசையாத மூட்டு மேலும் இறுகும், சதை மெலியும். ஞாயிறன்று ஒரு மணி நேரம் ஓடவிட்டு, ஏனைய நாள்களில் கட்டி வைப்பதைக் காட்டிலும், நாள்தோறும் மூன்று முறை பத்துப் பத்து நிமிடம் மெல்ல நடத்துதல் நன்று. குதித்தலும் திடீரெனத் திரும்பி ஓடுதலும் வேண்டா.

மருந்தைப் பற்றி ஒரு வார்த்தை. நாய்களுக்கென மருத்துவர் தரும் மெலாக்சிகாம் போன்ற வலி நீக்கிகள் உண்டு. அவற்றையும் எடைக்கேற்ற அளவில், உணவோடு, சிறுநீரகத்தையும் ஈரலையும் இடையிடையே சோதித்தே கொடுக்க வேண்டும். ஸ்டீராய்டு மருந்தோடு சேர்த்துக் கொடுக்கலாகாது. வீட்டிலுள்ள ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக், பாராசிட்டமால் எதனையும் நாமாகக் கொடுத்தல் கூடாது. டைக்ளோஃபெனாக் கொடுக்கப்பட்ட மாடுகளின் உடலைத் தின்று கழுகுகள் கூட்டங்கூட்டமாக மடிந்ததால், கால்நடைகளுக்கு அதனைத் தருவதை 2006-ல் நம் அரசாங்கம் தடுத்தது. மனிதருக்கு மருந்தாவது எல்லா உயிர்க்கும் மருந்தாகாது என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

இத்தனையும் செய்தும் ஒரு நாள் வரும். அன்று நாய்க்கு வேண்டுவது பணி ஓய்வு. ஓய்வு பெற்ற நாயை மூலையில் தள்ளிவிட்டால் அது உள்ளம் ஒடியும். ஏதேனும் சிறு வேலை கொடுத்தால் மகிழ்ந்திருக்கும்.

மணி இப்பொழுது இரவுச் சுற்றுக்குச் செல்வதில்லை. எடை குறைந்துள்ளான். மாடிப்படியின் கீழ் பலகையும் ஜமுக்காளமும் அவனுக்கு உரியவை. வலி முற்றும் நீங்கவில்லை. நீங்காது என்றும் மருத்துவர் கூறிவிட்டார். ஆயினும் இரவு டியூட்டி முடிந்து நாம் திரும்பும்போது, மெல்ல எழுந்து கேட்டு வரை வருகின்றான். முன்பெல்லாம் அவன் நம் நடைக்கு ஈடு கொடுத்தான். இப்போது நாம் அவன் நடைக்கு ஏற்ப நடக்கின்றோம். இருபதடி தூரந்தான், அவசரம் ஒன்றும் இல்லை.

அன்பர்களே, இன்றிரவு உங்கள் வாயிற் காவலன் படுக்கையிலிருந்து எழுவதைச் சற்று நின்று பாருங்கள். அவன் விண்ணப்பம் ஏதேனும் அங்கே எழுதப்பட்டிருக்கலாம். அடுத்த திங்கள் மீண்டும் சந்திப்போம். வணக்கம்.