நகத்துக்கு வைத்த விலை

நறுக்கிய நகத்தை யாரும் பெட்டியில் பூட்டி வைப்பதில்லை. அதே சரக்கு காண்டாமிருகத்தின் மூக்கின் மேல் கூம்பாக வளர்ந்து நின்றால் மட்டும் அதற்காகத் துப்பாக்கி தூக்குகிறார்கள்.

அந்தச் சரக்கின் பெயர் கெரட்டின். புரதம்தான். நம் முடி, மாட்டின் குளம்பு, ஆட்டின் ரோமம், புலியின் நகம் எல்லாம் இதனால் ஆனவை. கிளியின் அலகிலும் மயிலின் இறகிலும் இருப்பது இதன் இன்னொரு வகை. தோலின் செல்கள் தமக்குள் கெரட்டினை நிரப்பிக்கொண்டு இறந்துபோகின்றன. அந்த இறந்த அடுக்குதான் நகம்; வெட்டினால் வலிக்காதது அதனால்தான். இழைகளை ஒன்றோடொன்று பிணைத்து உறுதி தருவது கந்தகம். முடி கருகும்போது மூக்கைத் துளைக்கும் நாற்றமும் அதன் கைவரிசையே.

மாட்டுக் கொம்பின் உள்ளே எலும்பு உண்டு. யானைத் தந்தம் என்பது பல். காண்டாமிருகக் கொம்பில் எலும்பும் இல்லை, பல்லும் இல்லை, முழுக்கக் கெரட்டின். நடுவில் மட்டும் கால்சியமும் மெலனின் நிறமியும் சற்று அதிகம். வெளிப்பக்கம் தேயத் தேய, கெட்டியான நடுப்பகுதி கூராக நிற்கிறது.

காய்ச்சலுக்கு மருந்து என்று சீன வைத்தியத்தில் இதற்கு நெடுங்காலம் இடமிருந்தது. 1993-ல் சீன அரசே மருந்துப் பட்டியலிலிருந்து இதை நீக்கி, வியாபாரத்தையும் தடை செய்தது. அதற்குப் பிறகு வியட்நாமில் பணக்காரர்களிடையே கிராக்கி ஏறியது. புற்றுநோய்க்கு, குடித்த மறுநாள் தலைவலிக்கு, அந்தஸ்தைக் காட்டும் பரிசுக்கு என்று காரணங்கள் மாறின. அந்த நாட்டின் சொந்தக் காண்டாமிருகமோ 2010-ல் கடைசியாக ஒன்று சுடப்பட்டதோடு அற்றுப்போனது.

அசாம் அரசு 2021 செப்டம்பர் 22 அன்று, காசிரங்கா அருகே போகாகாட்டில் 2,479 கொம்புகளை எரித்தது. பல ஆண்டுகளாகக் கருவூலங்களில் பூட்டி வைத்திருந்தவை அவை. விற்றால் வனத்துறைக்குப் பணமாவது கிடைத்திருக்குமே என்று உங்களுக்குத் தோன்றலாம். சர்வதேச வியாபாரத்துக்குத் தடை இருப்பது ஒரு புறம். அரசே விலை வைத்தால், இதில் ஏதோ மகிமை இருக்கிறது என்று அரசே சான்று கொடுத்தது போலாகும். கொளுத்தியது சரியே.

ஆனால் தீயோடு வேலை முடிந்துவிடவில்லை. கெரட்டின் என்றால் நகம்போல வெட்டிவிடலாமே என்று ஆப்பிரிக்காவில் கொம்பை முன்கூட்டியே அறுக்கிறார்கள். வலியில்லை, திரும்ப வளர்கிறது. ஆனாலும் எஞ்சிய அடிக்கட்டைக்காகக் கொல்பவர்கள் அங்கே உண்டு. 2022-ல் அசாமில் ஒரு காண்டாமிருகம்கூடக் கள்ள வேட்டைக்குப் பலியாகவில்லை. அந்த ஆண்டுக் கணக்கெடுப்பில் காசிரங்காவில் மட்டும் 2,613 இருந்தன. வெள்ளத்திலும் இரவிலும் காட்டுக்குள் முகாமிட்டுக் காவல் காத்த வனக் காவலர்களுக்கு இதில் பெரும் பங்கு உண்டு. 2023-லேயே, கொம்பு அறுக்கப்பட்ட சடலம் மறுபடி கிடைத்தது.

கெரட்டின் என்ன என்பதை ஆய்வுக்கூடம் சொல்லிவிட்டது. வாங்குகிறவன் அதைக் கேட்கும் வரை அந்த முகாம்களில் ஆள் குறையக் கூடாது. காவலுக்கான நிதியைக் குறைக்க யாராவது யோசனை சொன்னால், அந்தச் சடலத்தை நினைவூட்டுங்கள்.