காலையில் போய் மதியம் வந்தால் கணக்கு உண்டா?

எங்கள் எம்.கே.பி. நகர் குடியிருப்பில், கீழ்வீட்டு ஆயாவுக்குக் கண்ணில் புரை ஆபரேஷன் நடந்தது. காலை ஏழு மணிக்கு மகளோடு ஆட்டோவில் போனார். மத்தியானச் சோற்றுக்கு வீட்டுக்கு வந்துவிட்டார். கண்ணில் ஒரு கட்டு, கையில் சொட்டு மருந்து, அவ்வளவுதான்.

சில மாதங்கள் கழித்து, அரசுக் கணக்கெடுப்புக்காக ஒரு பெண் வந்தார்.

"ஆயா, போன ஒரு வருஷத்துல வீட்டுல யாராச்சும் ஆஸ்பத்திரில அட்மிட் ஆனீங்களா?"

"இல்ல கண்ணு, யாரும் படுக்கல."

"சரி, இந்தப் பதினஞ்சு நாள்ல உடம்பு சரியில்லன்னு டாக்டர்கிட்ட போனீங்களா?"

"அதுவும் இல்லம்மா. நல்லாத்தான் கீறோம்."

மாடிப்படியில் நின்றிருந்த நான் குறுக்கிட்டேன். "ஆயா, கண் ஆபரேஷன் பண்ணிக்கிட்டீங்களே?"

"அது எங்க ஆஸ்பத்திரில இருந்தேன்? போனேன், வந்தேன்" என்றார். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே முந்தைய கேள்விக்குத் திரும்பிப் போய் எழுதிக்கொண்டார்.

ஆயா பொய் சொல்லவில்லை. நம் வீடுகளில் 'ஆஸ்பத்திரியில் சேர்ந்தது' என்றால் அதற்கு ஓர் அடையாளம் உண்டு. கூடையில் தட்டு, டம்ளர், பிளாஸ்க், போர்வை போகும். ராத்திரி துணைக்கு ஒருவர் கட்டிலுக்குக் கீழே பாய் விரிப்பார். பார்க்க வருகிறவர்கள் ரொட்டியும் ஆரஞ்சும் வாங்கி வருவார்கள். இது எதுவுமே இல்லாமல் ஓர் ஆபரேஷன் முடிந்துவிட்டால், அதை எந்தக் கணக்கில் சொல்வது?

ஒரு காலத்தில் இந்தக் குழப்பம் இல்லை. எழும்பூர் கண் ஆஸ்பத்திரி 1819-ல் தொடங்கியது. அந்தக் காலத்துப் புரை ஆபரேஷன் என்றால், இரண்டு கண்ணையும் கட்டி, தலை அசையாமல் இருக்க இரு பக்கமும் மணல் மூட்டை வைத்து, நாள் கணக்கில் மல்லாந்து படுக்க வைப்பார்கள். இன்று சிறிய துளை, மடித்து உள்ளே வைக்கும் லென்ஸ், மரத்துப்போகச் சொட்டு மருந்து. அதனால்தான் காலையில் போனவர் மதியம் திரும்ப முடிகிறது. கண்ணுக்கு மட்டுமல்ல, சிறுநீரகக் கல்லை உடைப்பது, சில ஹெர்னியா ஆபரேஷன்கள் எனப் பலதும் இப்போது ஒரே நாளில் முடிகின்றன.

மருத்துவம் மாறிவிட்டது. கேள்விக்குப் பதில் சொல்லும் நம் பழக்கம்தான் இன்னும் மாறவில்லை.

வீட்டுக்கு வீடு எடுக்கும் கணக்குகளில் ஒன்று, 1950-ல் தொடங்கிய தேசிய மாதிரி ஆய்வு. அதன் 75-ஆவது சுற்று 2017 ஜூலை முதல் 2018 ஜூன் வரை நடந்தது. மருத்துவச் செலவைப் பற்றி 1,13,823 குடும்பங்களிடம் விசாரித்தார்கள். ஆஸ்பத்திரியில் சேர்ந்த விஷயம் என்றால் கடந்த 365 நாளைக் கேட்பார்கள். சேராமல் பார்த்துக்கொண்ட வைத்தியம் என்றால் கடந்த 15 நாள் மட்டும். சின்னக் காய்ச்சலும் சளியும் அதற்கு மேல் யாருக்கும் நினைவிருக்காது என்பதால் இந்தப் பிரிவு.

இப்போது ஆயாவின் பதிலைப் பாருங்கள். அட்மிட் ஆகவில்லை என்று சொன்னதால் 365 நாள் கணக்கில் ஆபரேஷன் வரவில்லை. சில மாதங்களுக்கு முன் நடந்ததால் 15 நாள் கணக்கிலும் வரவில்லை. இரண்டு சல்லடைக்கும் நடுவே ஓர் ஆபரேஷனே விழுந்து காணாமல் போக இருந்தது!

இத்தனைக்கும் அந்த ஆய்வின் விதி தெளிவாகத்தான் இருக்கிறது. உள்நோயாளியாகப் பதிவு செய்து வைத்தியம் பார்த்திருந்தால், எத்தனை மணி நேரம் இருந்தார் என்பது பொருட்டல்ல. கண் சிகிச்சை போன்ற தற்காலிக முகாம்களில் செய்துகொண்ட ஆபரேஷன்கூட ஆஸ்பத்திரியில் சேர்ந்ததாகவே எழுதப்படும். ஆனால் நாம் வாய் திறந்து சொன்னால்தானே விதி வேலை செய்யும்?

'ஒரு ஆயா சொல்லாவிட்டால் என்ன குடிமுழுகிவிடும்?' என்று கேட்கலாம். 2011 கணக்குப்படி நாட்டில் 24 கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்கள். கேட்டது ஒரு லட்சத்துச் சொச்சம். அப்படியானால் ஒரு வீட்டின் பதில், சராசரியாக இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்காகச் சொல்லும் பதில்.

ஆஸ்பத்திரியிலேயே கணக்கு இருக்குமே என்றால், இருக்கிறது. புரை ஆபரேஷன்களை 1976-ல் தொடங்கிய தேசியப் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டம் எண்ணி வருகிறது. அரசு ஆஸ்பத்திரிகள் மாதாமாதம் எத்தனை பெரிய ஆபரேஷன், எத்தனை சிறிய ஆபரேஷன் என்று அறிக்கை அனுப்புகின்றன. தனியாரிடமிருந்து வரும் கணக்கு அந்த அளவுக்கு முழுமையாக இல்லை. அதைவிட முக்கியம், ஆயாவுக்கு ஆட்டோவுக்கு எவ்வளவு ஆயிற்று, வெளியில் வாங்கிய மருந்துக்கு எவ்வளவு, துணைக்குப் போன மகளுக்கு எத்தனை நாள் கூலி போயிற்று என்பது எந்த ஆஸ்பத்திரி நோட்டிலும் இருக்காது. அதைச் சொல்ல நம் வீட்டு வாசல்தான் உண்டு. அரசு ஆஸ்பத்திரியில் ஒருமுறை சேர்ந்தால் சராசரி மருத்துவச் செலவு 4,452 ரூபாய், தனியாரில் 31,845 ரூபாய் என்று அந்த 75-ஆவது சுற்று சொன்னதே, அது இப்படி வாசலில் கேட்டு எழுதியதுதான்.

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் வந்ததல்ல. அமெரிக்காவில் 1965 முதல், ஆஸ்பத்திரியில் தங்கி வீடு திரும்பியவர்களை வைத்துக் கணக்கெடுத்தார்கள். 1970-ல் அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரில், ஒரே நாளில் அனுப்பும் ஆபரேஷன்களுக்கென்றே தனி மையம் திறந்தது. அப்படிப்பட்ட இடங்கள் பெருகப் பெருக, பழைய கணக்கில் ஆபரேஷன்கள் தப்பிப் போயின. அவற்றை எண்ண 1994-ல்தான் தனி ஆய்வு தொடங்கினார்கள். 1996-க்குப் பிறகு அதுவும் நின்று, மறுபடி 2006-ல் நடந்தது.

நாம் அவ்வளவு காத்திருக்க வேண்டாம். கணக்கெடுக்க வருகிறவரின் அடையாள அட்டையைக் கேட்டுப் பாருங்கள். 2008-ஆம் ஆண்டின் புள்ளிவிவரச் சேகரிப்புச் சட்டம், நீங்கள் தரும் தகவலை ரகசியமாக வைக்கச் சொல்கிறது. ஓ.டி.பி.யை மட்டும் யார் கேட்டாலும் சொல்லாதீர்கள். ஒரு நாள் ஆபரேஷன் என்றாலும் டிஸ்சார்ஜ் சீட்டையும் பில்லையும் ரேஷன் கார்டோடு சேர்த்து வையுங்கள். இன்ஷூரன்ஸுக்கும் அது உதவும். முன்பு 24 மணி நேரம் தங்க வேண்டியிருந்து, இப்போது நவீன முறையால் அதற்குள் முடிகிற சிகிச்சையை 'டே கேர்' என்று பாலிசிகள் ஏற்கின்றன.

"அட்மிட் ஆனீங்களா?" என்று கேட்டால், ராத்திரி தங்கினோமா என்று யோசிக்காதீர்கள். கத்தி வைத்தார்களா என்று யோசியுங்கள். வைத்திருந்தால் சொல்லிவிடுங்கள், எழுதுவதா வேண்டாமா என்பதை அவர் பார்த்துக்கொள்வார்.

ஆயாவுக்கு அடுத்த கண்ணுக்கும் தேதி கொடுத்திருக்கிறார்கள். "இந்த வாட்டி யாரு வந்து கேட்டாலும் நானே சொல்லிடுவேன்" என்கிறார்.